எட்டுப் பேருக்கு ஆறு வரிகள்: நீளம் மாறும் தரவைக் கோப்பில் வைப்பது எப்படி?

இடைத்தங்கல் முகாமில் எங்கள் குடும்பத்தைப் பதிந்த படிவத்தில் பெயர் எழுதுவதற்கு ஆறு வரிகள் இருந்தன. நாங்கள் எட்டுப் பேர். பதிந்தவர் நல்ல மனிதர். மிச்ச இரண்டு பெயரையும் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். பிறகு அந்தப் படிவத்தைப் போட்டோப்பிரதி எடுத்தவர்கள் முன்பக்கத்தை மட்டும் எடுத்தார்கள். அப்பம்மாவும் சித்தியின் மகனும் நிவாரண அட்டையில் இல்லாமல் போனது அப்படித்தான். அதைச் சரிசெய்ய அப்பா எத்தனை நாள் வரிசையில் நின்றார் என்பது வேறு கதை.

பல வருடங்களின் பின்னர், துணிக்கைப் பௌதிகவியல் தரவுகளோடு வேலை செய்யத் தொடங்கிய முதல் வாரத்திலேயே அதே படிவத்தை மறுபடியும் சந்தித்தேன். இம்முறை அது கணினிக் கோப்பாக இருந்தது. எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டியே தெரியாத ஒன்றை எத்தனை வரியில் எழுதுவது? இந்தக் கேள்விக்கு உலகின் மிகப் பெரிய பரிசோதனைகள் நாற்பது ஆண்டுகளாகப் பதில் தேடி வந்திருக்கின்றன. அந்தப் பதில்களைப் பற்றியதே இந்தக் கட்டுரை. பௌதிகவியல் படித்திருக்க வேண்டியதில்லை. உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் ஒருவருக்கு இது முழுமையாக விளங்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

ஒரு மோதலில் என்ன இருக்கிறது?

சுவிற்சர்லாந்து, பிரான்ஸ் எல்லையில் நிலத்தின் கீழ் 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள வளையமொன்று இருக்கிறது. சேர்ன் ஆய்வுகூடத்தின் பெரும் ஹட்ரன் மோதுகருவி அதுதான். அதில் புரோத்தன்களின் கொத்துகள் எதிரெதிர்த் திசைகளில் ஓடி, செக்கனுக்கு 4 கோடித் தடவை அளவில் ஒன்றையொன்று ஊடறுக்கின்றன. மோதும் இடங்களைச் சுற்றி அட்லஸ், சிஎம்எஸ் போன்ற இராட்சத உணர்கருவிகள் இருக்கின்றன. நடப்பவை எல்லாவற்றையும் சேமிக்க முடியாது. ஆர்வத்துக்குரியவை என்று கணினிகள் உடனுக்குடன் தெரிந்தெடுக்கும் மிகச் சிறு பகுதி மட்டுமே பதிவாகிறது. பதிவான ஒவ்வொரு கொத்து மோதலையும் ‘நிகழ்வு’ என்கிறார்கள்.

ஒரு நிகழ்வில் இரண்டு மியூவன்கள் வரலாம். மியூவன் என்பது இலத்திரனின் பாரமான சகோதரம் போன்ற ஒரு துணிக்கை. அடுத்த நிகழ்வில் ஒரு மியூவனும் இல்லாதிருக்கலாம். அதற்கடுத்ததில் மூன்று வரலாம். ஜெட் எனப்படும் துணிக்கைத் தாரைகள் ஒரு நிகழ்வில் இரண்டாகவும் இன்னொன்றில் பன்னிரண்டாகவும் இருக்கும். எத்தனை வரவேண்டும் என்பதை இயற்கை எங்களிடம் கேட்டுத் தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு மியூவனுக்கும் குறுக்கு உந்தம், திசையைக் குறிக்கும் இரண்டு கோணஅளவுகள், ஏற்றம் எனப் பல எண்கள் உண்டு.

வங்கிக் கணக்கு, பரீட்சைப் பெறுபேறு போன்றவற்றுக்குச் சாதாரண அட்டவணை போதும். ஒருவருக்கு ஒரு நிரை, ஒவ்வொரு விபரத்துக்கும் ஒரு நிரல். ஆனால் நிகழ்வுகளை அப்படி அடுக்கினால் வலதுபக்க ஓரம் நேராக நிற்காது. ஒரு நிரை நீளும், ஒரு நிரை வெறுமையாகக் கிடக்கும். பனையோலை வேலி மாதிரிப் பல்லுப்பல்லாக இருக்கும். இதனால்தான் ஆங்கிலத்தில் இத்தகைய அணிகளை ‘பல்லுப்பல்லான அணிகள்’ என்ற பொருள்படவே அழைக்கிறார்கள்.

முதலாவது வழி: இடம் ஒதுக்கி வைத்தல்

எவருக்கும் முதலில் தோன்றும் வழி எங்கள் படிவத்தின் வழிதான். ஒரு நிகழ்வுக்கு அதிகபட்சம் பத்து மியூவன் என்று தீர்மானித்து, எல்லா நிகழ்வுக்கும் பத்து இடம் ஒதுக்கிவிடுவது. இல்லாத இடங்களைப் பூச்சியத்தால் நிரப்புவது. எழுதவும் வாசிக்கவும் மிக இலகு.

இதில் மூன்று கெடுதல்கள் உண்டு. அவற்றுள் மிகச் சிறியது வீண்செலவு. சிஎம்எஸ் பரிசோதனை பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட ஒரு கோப்பை எடுத்துக்கொள்வோம். 2012இல் பதிவான அந்தத் தரவில் 6 கோடியே 15 இலட்சம் நிகழ்வுகள் இருக்கின்றன. ஒவ்வொரு மியூவனுக்கும் ஐந்து அளவுகள்: குறுக்கு உந்தம், இரண்டு கோணஅளவுகள், திணிவு, ஏற்றம். ஒவ்வோர் எண்ணுக்கும் 4 பைட். பத்து இடம் ஒதுக்கினால் மொத்தம் 12 ஜிகாபைட்டுக்கு மேல் வரும். நிகழ்வொன்றுக்குச் சராசரியாக இரண்டு மியூவன் என்று வைத்து, இருப்பதை மட்டும் எழுதினால் இரண்டரை ஜிகாபைட் அளவில் அடங்கிவிடும். பூச்சியங்களைச் சுருக்கிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், வட்டில் அவை நன்றாகவே சுருங்கும். ஆனால் வாசிக்கும்போது மறுபடியும் விரிந்து நினைவகத்தை நிரப்பும். இல்லாத மியூவன்கள் ஒவ்வொன்றையும் கணினி தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகரும்.

இரண்டாவது கெடுதல் வெட்டுப்படுதல். பத்துக்கு மேல் வந்தால் என்ன செய்வது? விட்டுவிட வேண்டியதுதான். ‘அப்படி வருவது அபூர்வம், நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை’ என்று சமாதானம் சொல்வார்கள். ஆனால் துணிக்கைப் பௌதிகவியலில் அபூர்வமானதைத் தேடித்தானே இவ்வளவு செலவும். உதாரணமாக, மிக நுண்ணிய கருந்துளைகள் மோதலில் உருவாகுமா என்று சிஎம்எஸ் தேடியிருக்கிறது. அப்படி ஒன்று உருவானால் அது உடனே பல துணிக்கைகளாகச் சிதறும் என்பது எதிர்பார்ப்பு. அதாவது தேடப்படுவதே எண்ணிக்கை கூடிய நிகழ்வுகள். பத்தோடு வெட்டும் கோப்பு வெட்டி எறிவதும் அவற்றைத்தான். பெரிய குடும்பங்கள்தான் படிவத்தின் பின்பக்கத்துக்குப் போகின்றன. சிறிய குடும்பங்களுக்கு அப்படியொரு பிரச்சினை இருப்பதே தெரியாது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் உறுத்துவது. பூச்சியம் என்றால் என்ன? மியூவன் இல்லை என்பதா, மியூவன் இருந்தும் அளக்க முடியவில்லை என்பதா, அளந்தபோது பூச்சியம் வந்தது என்பதா? கோணத்தைப் பொறுத்தவரை பூச்சியம் ஒரு நியாயமான பெறுமானம். இதைத் தவிர்க்கச் சிலர் வெறும் இடங்களில் -999 என்று எழுதிவைப்பார்கள். அது அடையாளக் குறி என்று தெரியாத இன்னொருவர் ஒரு நாள் அந்த நிரலுக்குச் சராசரி எடுப்பார். முகாமில் எங்களுக்குப் பக்கத்துக் கொட்டிலில் இருந்த அக்கா, கணவரின் பெயரை எழுதச் சொல்லிப் பிடிவாதமாக நின்றார். ஆள் இங்கே இல்லையே என்றார் பதிந்தவர். இல்லை என்று நானே சொல்லவில்லையே என்றார் அக்கா. வெறும் வரி ஒன்றுக்குள் எத்தனை வேறுபட்ட அர்த்தம் இருக்க முடியும் என்று எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான். கோப்பு வடிவமைப்பவர்கள் இதைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிப்பதைக் கேட்டு நான் ஒருபோதும் சிரித்ததில்லை.

பழைய ஃபோர்ட்ரான் காலத்தில் இந்த வழி பெரும்பாலும் கட்டாயமாகவே இருந்தது. அந்த மொழியில் அணியின் நீளத்தைச் செய்நிரல் எழுதும்போதே சொல்லிவிட வேண்டும். சேர்னில் 1980களில் ஸீப்ரா என்ற மென்பொருளை இதற்காகவே எழுதினார்கள். நினைவகத்தில் ஒரு பெரிய தொகுதியை மொத்தமாகப் பிடித்து, அதற்குள் ‘வங்கி’ எனப்பட்ட வேண்டிய நீளத் துண்டுகளைத் தாங்களே பிரித்து, ஒவ்வொரு துண்டின் தலையிலும் அதன் நீளத்தை எழுதிவைத்தார்கள். அதே காலத்தில் ஆய்வாளர்கள் பயன்படுத்திய பா என்ற பகுப்பாய்வு மென்பொருளில், தடங்களின் எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து நூறு வரை என்பது போன்ற ஓர் எல்லையை முதலில் அறிவித்துவிட்டு, அந்த எண்ணிக்கை அளவுக்கு மட்டும் எழுதலாம். இடம் வீணாகாது. ஆனால் மேல் எல்லையை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது வழி: ஒரே கயிறு, இடையிடையே முடிச்சு

இன்று எல்லோரும் வந்து சேர்ந்திருக்கும் விடை மிக எளிமையானது. நான்கு நிகழ்வுகளை எடுப்போம். முதலாவதில் இரண்டு மியூவன்கள், உந்தம் 45.2, 38.7. இரண்டாவதில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் மூன்று: 22.1, 15.4, 9.8. நான்காவதில் ஒன்று: 51.0.

நிகழ்வு எது என்பதை மறந்துவிட்டு எல்லா எண்களையும் ஒரே வரிசையில் எழுதுங்கள்: 45.2, 38.7, 22.1, 15.4, 9.8, 51.0. ஆறு எண்கள், ஒரு வெற்றிடமும் இல்லை. பக்கத்தில் இன்னொரு சிறு வரிசை எழுதுங்கள்: 0, 2, 2, 5, 6. இவை எல்லை எண்கள். முதலாம் நிகழ்வு 0இல் தொடங்கி 2க்கு முன் முடிகிறது. இரண்டாம் நிகழ்வு 2இல் தொடங்கி 2க்கு முன்னரே முடிகிறது. அதாவது வெறுமை. மூன்றாவது 2 முதல் 5 வரை. நான்காவது 5 முதல் 6 வரை. கயிறு ஒன்றுதான், முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது என்பதுதான் தனியாக எழுதப்பட்டிருக்கிறது.

இப்போது பின்பக்கம் என்று ஒன்று இல்லை. ஒரு நிகழ்வில் ஐம்பது மியூவன் வந்தாலும் ஐம்பது எண்கள் சேரும், அவ்வளவுதான். ‘இல்லை’ என்பதும் சந்தேகமில்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு எல்லை எண்கள் சமமாக இருந்தால் அந்த நிகழ்வில் எவரும் இல்லை. பூச்சியத்துக்கு இனி ஒரே அர்த்தம்தான்.

எல்லை எண்களுக்குப் பதிலாக எண்ணிக்கைகளையே, அதாவது 2, 0, 3, 1 என்று எழுதிவிட்டால் என்ன? எழுதலாம், பலர் எழுதுகிறார்கள். ஆனால் பத்து இலட்சமாவது நிகழ்வு வேண்டுமென்றால் அதற்கு முன்னுள்ள எல்லா எண்ணிக்கைகளையும் கூட்டித்தான் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லை எண்கள் இருந்தால் இரண்டே எண்களைப் பார்த்து நேராகப் போய்விடலாம். மறுபக்கம், எண்ணிக்கைகள் சிறியவை, திரும்பத் திரும்ப வருபவை, ஆகவே நன்றாகச் சுருங்கும். எல்லை எண்கள் ஏறிக்கொண்டே போய் இலட்சங்களையும் கோடிகளையும் தொடும். இதனால் புதிய கோப்பு வடிவங்கள், எல்லை எண்களை எழுதும் வேளையில் அடுத்தடுத்தவற்றின் வித்தியாசத்தை மட்டும் வட்டில் வைத்து, வாசிக்கும்போது கூட்டி எடுக்கின்றன. 0, 2, 2, 5, 6 என்பதன் வித்தியாசங்கள் 2, 0, 3, 1. சுற்றிச் சுற்றி எண்ணிக்கைக்கே வந்துவிட்டோம். வட்டில் ஒரு முகம், நினைவகத்தில் இன்னொரு முகம்.

மரம், கிளை, கூடை

சேர்னில் 1995 அளவில் ரெனே புருன், ஃபொன்ஸ் ராடமேக்கர்ஸ் ஆகிய இருவர் ரூட் என்ற மென்பொருளைத் தொடங்கினார்கள். ஃபோர்ட்ரானிலிருந்து சி++ மொழிக்கு மாறும் காலம் அது. இன்று ரூட் வடிவத்தில் சேமிக்கப்பட்டிருக்கும் தரவு ஒரு எக்சாபைட்டை, அதாவது நூறு கோடி ஜிகாபைட்டை, தாண்டிவிட்டது. இவ்வளவு பரவலாகப் பயன்படும் ஒரு மென்பொருளின் பெயர் வெளியில் பலருக்குத் தெரியாது என்பது விசித்திரம்தான்.

ரூட் கோப்பில் தரவு ‘மரம்’ என்ற அமைப்பில் இருக்கும். ஒவ்வோர் அளவுக்கும் ஒரு ‘கிளை’. மியூவனின் உந்தம் ஒரு கிளை, ஏற்றம் இன்னொரு கிளை. ஒரு கிளையின் எண்கள் ‘கூடை’ எனப்படும் சிறு பொதிகளாகச் சேர்ந்து, ஒவ்வொரு கூடையும் தனித்தனியே சுருக்கி வட்டில் எழுதப்படும். கூடையின் இயல்பான அளவு 32,000 பைட். பிரதேச செயலகத்தில் குடும்பத்துக்கு ஒரு கோப்பு என்று அடுக்கியிருந்தால், எல்லோருடைய வயதையும் கணக்கெடுக்க எல்லாக் கோப்பையும் திறக்க வேண்டும். வயதுகள் மட்டும் ஒரே பேரேட்டில் இருந்தால் அதை மட்டும் எடுத்தால் போதும். கிளைகளின் நோக்கமும் அதுவே. நூற்றுக்கணக்கான கிளைகள் உள்ள கோப்பிலிருந்து ஐந்து கிளைகளை மட்டும் வாசிக்கலாம்.

நீளம் மாறும் கிளைக்கு ரூட் செய்தது இதுதான்: நிகழ்வில் எத்தனை என்று சொல்லும் எண்ணிக்கைக் கிளை ஒன்று, அதைச் சுட்டி நிற்கும் பல அளவுக் கிளைகள். தவிர, ஒவ்வொரு கூடையின் முடிவிலும் எந்த நிகழ்வு எங்கே தொடங்குகிறது என்ற எல்லை எண்களும் சேர்ந்து எழுதப்படும். ஒரே விபரம் உந்தக் கூடையிலும் கோணக் கூடையிலும் ஏற்றக் கூடையிலும் மறுபடி மறுபடி எழுதப்படுவதைக் கவனித்திருப்பீர்கள்.

புதிதாக வருபவர்கள் விழும் இரண்டு குழிகள் இங்கே உண்டு. முதலாவதில் நானே விழுந்தேன். சி++இல் கிளையை வாசிக்க நினைவகத்தில் ஓர் இடத்தை நாமே ஒதுக்கிக் கொடுக்கும் பழைய முறையில், எட்டு ஜெட்டுக்கு இடம் ஒதுக்கியிருந்தேன். கோப்பில் சில நிகழ்வுகளில் ஒன்பது, பத்து இருந்தன. கணினி ஒரு பிழையும் சொல்லவில்லை. ஒன்பதாவது ஜெட்டின் எண், பக்கத்தில் இருந்த வேறொரு மாறியின் மேல் போய் எழுதப்பட்டது. விடை வந்தது, வரைபும் வந்தது, பார்க்க நியாயமாகவும் இருந்தது. ஒன்றரை மாதம் அந்த வரைபை நம்பிக்கொண்டிருந்தேன். எட்டு என்ற எண்ணை எங்கிருந்து எடுத்தாய் என்று மேற்பார்வையாளர் கேட்டபோது சொல்லப் பதில் இருக்கவில்லை.

இரண்டாவது குழி இன்னும் சத்தமில்லாதது. உந்தக் கிளையின் மூன்றாவது எண்ணும் ஏற்றக் கிளையின் மூன்றாவது எண்ணும் ஒரே மியூவனுக்குரியவை என்பதற்கு ஒரே ஆதாரம், அவை இரண்டும் மூன்றாவதாக இருப்பதுதான். பெயரும் இல்லை, அடையாள அட்டை இலக்கமும் இல்லை. யாராவது உந்தத்தை மட்டும் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிவிட்டு ஏற்றத்தை அப்படியே விட்டால், ஒருவரின் உந்தம் இன்னொருவரின் ஏற்றத்தோடு சேர்ந்துவிடும். எண்ணிக்கை சரியாக இருக்கும், நீளம் சரியாக இருக்கும், எந்தச் சோதனையிலும் பிடிபடாது. ஆகவே அடுக்குவதானால் முதலில் அடுக்கும் ஒழுங்கைத் தனியே கணித்து, அந்த ஒரே ஒழுங்கை எல்லாக் கிளைகளிலும் பிரயோகிக்க வேண்டும்.

பட்டியலுக்குள் பட்டியல்

ஜெட் ஒன்றுக்குள் பல துணிக்கைகள் இருக்கும். நிகழ்வில் பல ஜெட், ஒவ்வொரு ஜெட்டிலும் வேறு வேறு எண்ணிக்கையான துணிக்கைகள். முடிச்சுக் கயிறு இதையும் தாங்கும். துணிக்கைகளை ஒரே வரிசையில் எழுதி, ஜெட்டுகளின் எல்லை எண்களை ஒரு வரிசையிலும், அந்த ஜெட்டுகளை நிகழ்வுகளாகப் பிரிக்கும் எல்லை எண்களை இன்னொரு வரிசையிலும் வைத்தால் போதும். எத்தனை அடுக்குக்கும் இது செல்லும்.

ரூட்டின் பழைய மரம் இந்த இரண்டாவது அடுக்கில்தான் தடுமாறியது. பட்டியலுக்குள் பட்டியல் வந்தால் அதைக் கிளைகளாகப் பிரிக்க முடியாமல், ஒவ்வொரு நிகழ்விலும் நீளம், எண்கள், நீளம், எண்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுதியது. இப்படி எழுதப்பட்டதை முதலிலிருந்து நடந்துதான் வாசிக்க முடியும், பாய்ந்து போக முடியாது. பைதன் போன்ற மொழியில் ஒவ்வோர் அடியாக நடப்பது மிக மெதுவானது.

பொதுவான வேறு கோப்பு வடிவங்களைப் பயன்படுத்தினால் என்ன என்று கேட்கலாம். எச்டிஎஃப்5 விஞ்ஞானத்தில் மிகப் பிரபலமானது. ஈர்ப்பு அலைகளைப் பிடிக்கும் லைகோ தன் தரவை இவ்வடிவத்திலும் பொதுவில் வெளியிடுகிறது. செக்கனுக்கு 4096 எண்கள் என்று சீராக ஓடும் தரவு அது. நீளம் மாறும் பிரச்சினையே அங்கில்லை, ஆகவே அழகாகப் பொருந்துகிறது. எச்டிஎஃப்5இல் நீளம் மாறும் அணிக்கும் ஒரு தனி வகை உண்டு. ஆனால் அதில் உண்மையான எண்கள் கோப்பின் வேறொரு பொதுக் குவியலில் கிடக்க, அட்டவணையில் அவற்றைச் சுட்டும் குறிப்புகள் மட்டுமே இருக்கும். நீங்கள் சுருக்கச் சொன்னால் அந்தக் குறிப்புகள்தான் சுருங்கும், குவியல் அப்படியே இருக்கும். அந்த வகையைத் தொடாமல், எல்லா எண்களுக்கும் ஓர் அணி, எல்லை எண்களுக்கு இன்னோர் அணி என்று நீங்களே இரண்டாக எழுதிவிடுவது அங்கு நல்லது. வணிக உலகில் பயன்படும் பார்க்கே வடிவம் எல்லை எண்களுக்குப் பதிலாக, ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் ‘இது புதிய பட்டியலின் தொடக்கமா, பழையதன் தொடர்ச்சியா’ என்று சொல்லும் ஒரு சிறு மட்ட எண்ணை வைக்கிறது. 2010இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட டிரெமல் என்ற முறையிலிருந்து வந்தது அது.

பைதன் பக்கத்தில் நிலைமையை மாற்றியது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜிம் பிவார்ஸ்கி தொடங்கிய இரண்டு மென்பொருள்கள். அப்ரூட், ரூட் இல்லாமலேயே ரூட் கோப்பை வாசிக்கும். ஆக்வர்ட் அரே, பல்லுப்பல்லான அணிகளைச் சாதாரண அணிகள் போலக் கையாள விடும். அதன் உள்ளே இருப்பது மேலே சொன்ன கயிறும் முடிச்சும்தான். உந்தம் 20க்கு மேலுள்ள மியூவன்களைத் தெரிவுசெய் என்றால், கயிறு முழுவதும் ஒரே வீச்சில் ஒப்பீடு நடக்கும். நிகழ்வு நிகழ்வாக நின்று யோசிக்கத் தேவையில்லை. பின்னர் எல்லை எண்களை மட்டும் புதிதாகக் கணித்தால் போதும்.

ரூட் குழுவினரும் சும்மா இருக்கவில்லை. மரத்துக்கு வாரிசாக ஆர்என்டியூப்பிள் என்ற புதிய அமைப்பை உருவாக்கி, அதன் வட்டு வடிவத்தின் முதலாவது நிலையான பதிப்பை 2024 இறுதியில் அறிவித்தார்கள். அதில் மியூவன் என்ற தொகுப்புக்கு ஒரே ஓர் எல்லை எண் நிரல்தான் இருக்கும். உந்தம், கோணம், ஏற்றம் எல்லாம் அதையே பகிர்ந்துகொள்ளும். பட்டியலுக்குள் பட்டியலும் இறுதிவரை நிரல்களாகவே பிரியும்.

கோப்பு மனிதரைவிட நீண்ட நாள் வாழ வேண்டும்

இதெல்லாம் வேகத்துக்கும் இடத்துக்குமான சண்டை மட்டும்தானா? ஜேர்மனியின் ஹம்பர்க்கில் 1979 முதல் 1986 வரை ஜேட் என்ற பரிசோதனை நடந்தது. முடிந்த பின்னர் அதன் தரவு நாடாக்களைத் தேடுவார் இருக்கவில்லை. 1990களின் பிற்பகுதியில் சீக்ஃப்ரீட் பெத்கே என்ற பௌதிகவியலாளருக்கும் சகாக்களுக்கும் அந்தத் தரவு மறுபடி தேவைப்பட்டது. அணுக்கருவைப் பிணைக்கும் வன்விசையின் வலிமை சக்தியோடு எப்படி மாறுகிறது என்று பார்க்க, புதிய கருவிகள் தொடாத குறைந்த சக்தி வீச்சில் அளந்த தரவு அதுதான். நாடாக்களிலிருந்து தரவை மீட்டதோடு வேலை முடியவில்லை. பழைய கணினிகளுக்கென எழுதப்பட்ட மென்பொருளைப் புதியவற்றில் ஓடவைக்க வேண்டியிருந்தது. தேவையான சில எண்கள் கணினியில் எங்கும் இருக்கவில்லை. பழைய அச்சுத்தாள்களில் கிடைத்தவற்றை ஒருவர் உட்கார்ந்து மீண்டும் தட்டச்சு செய்தார். இறுதியில் பெறுபேறுகள் பிரசுரமாயின.

ஒரு கோப்பில் எண்கள் இருந்தால் மட்டும் போதாது. எந்த எண் எதைக் குறிக்கிறது, எத்தனை பைட், எது எதற்கு எல்லை என்பதும் அதே கோப்பில் இருக்க வேண்டும். எழுதியவரைத் தேடிப் போகும் நிலை வரக்கூடாது. அவர் ஓய்வுபெற்றிருக்கலாம், நாட்டைவிட்டுப் போயிருக்கலாம், இறந்திருக்கலாம். ரூட் கோப்பு தனக்குள் எழுதப்பட்ட பொருள்களின் அமைப்பு விபரணத்தையும் சேர்த்தே எழுதிவைக்கிறது. அப்ரூட் போன்ற, ரூட்டோடு சம்பந்தமில்லாத ஒரு மென்பொருளால் அந்தக் கோப்புகளை வாசிக்க முடிவது பெருமளவில் அதனால்தான்.

நீங்களே பார்க்கலாம்

சேர்னின் திறந்த தரவுத் தளம் 2014 நவம்பரில் தொடங்கப்பட்டது. நான் சொன்ன 6 கோடியே 15 இலட்சம் நிகழ்வுகளின் கோப்பு அங்கே இலவசமாகக் கிடைக்கிறது. அளவு சுமார் 2 ஜிகாபைட். கடவுச்சொல்லும் வேண்டாம், பரிந்துரைக் கடிதமும் வேண்டாம். கொழும்பு, ருகுணு பல்கலைக்கழகங்களின் பௌதிகவியலாளர்கள் சிஎம்எஸ் ஆய்வுக் கட்டுரைகளின் ஆசிரியர் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் இந்தக் கோப்பைத் திறக்க அந்தப் பட்டியலில் இருக்கவேண்டியதில்லை. நான்கு ஜிகாபைட் நினைவகமுள்ள பழைய மடிக்கணினியிலும், ஒரே தடவையில் முழுவதையும் ஏற்றாமல் பகுதி பகுதியாக வாசித்தால் வேலை நடக்கும்.

கோப்பில் ஆறு கிளைகள்: மியூவன்களின் எண்ணிக்கை, பிறகு ஐந்து அளவுகள். முதலில் எண்ணிக்கைக் கிளையை மட்டும் எடுத்து, எத்தனை நிகழ்வில் பூச்சியம், எத்தனையில் ஒன்று, இரண்டு, அதற்கு மேல் என்று வரைந்து பாருங்கள். ஆகக் கூடிய எண்ணிக்கை எவ்வளவு என்பதையும் பாருங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகவேண்டாம். என் ஒன்றரை மாதம் போனது இங்கேதான். பிறகு சரியாக இரண்டு மியூவன்கள் உள்ளவற்றையும், அவற்றுள் ஏற்றங்கள் எதிரெதிரானவற்றையும் தெரிவுசெய்யுங்கள். இரண்டின் உந்தங்களையும் கோணஅளவுகளையும் கொண்டு சோடியின் திணிவைக் கணிக்கலாம். உயர்தரக் கணிதம் தெரிந்தவருக்குச் சூத்திரம் கஷ்டமாக இராது. இரண்டு குறுக்கு உந்தங்களின் பெருக்கத்தை இரண்டால் பெருக்கி, முதற் கோணஅளவு வித்தியாசத்தின் அதிபரவளைவுக் கோசைனிலிருந்து இரண்டாவதன் வித்தியாசத்தின் சாதாரணக் கோசைனைக் கழித்து வருவதோடு பெருக்கி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

அந்தத் திணிவுகளை இரண்டு அச்சிலும் மடக்கை அளவுத்திட்டத்தில் வரைந்தால், சரிந்து இறங்கும் வளைகோட்டின்மேல் கூரிய சிகரங்கள் எழும்பும். 3.1இல் ஜே/சை, 9.5க்குச் சற்று முன்னால் உப்சிலன், 91இல் இசட் துணிக்கை. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஒரு பெரிய கண்டுபிடிப்பு. ஜே/சையும் இசட்டும் நோபல் பரிசையே பெற்றுத் தந்தவை. சிகரங்கள் மங்கலாக, இடம் மாறி, அல்லது காணாமலே இருந்தால் பௌதிகவியலைச் சந்தேகிக்கவேண்டாம். எல்லை எண்களில் ஒன்று தள்ளிப் போயிருக்கிறதா, எந்தக் கிளையையாவது தனியே அடுக்கிவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள்.